காலி பைலுக்கு ஒரு கையெழுத்து

அநியாயம் சார் இது! என் காரம்போர்டைத் தூக்கச் சொல்லி நானே மனு டைப் அடிக்கணுமாம். எந்த ஊரு நாயம்?

மீன்பிடித் தடைக்காலம். எங்க விசைப்படகு ரெண்டு மாசம் கரையிலதான் நிக்கும். மனுசன் இன்னா பண்ணுவான்? திருவொத்தியூர் குப்பத்து வலைக் கொட்டாய்ல காலைல குந்துனா சாயங்காலம் வரிக்கும் காரம்தான். அந்த நெழல்ல பொம்பளைங்க குந்தி, கட்டுமரத்துல வர்ற மீனை ஆயணுமாம். அதுக்கு சங்கத் தலைவர் பக்தவச்சலத்துக்கு மனு. கெளப்பி வுட்டது யாரு? என் பொண்டாட்டி நீலா!

"லேப்டாப்பு சும்மாதான கீது? அடிச்சுக் குடு. சங்கத்துல மெம்பர் கையெழுத்துதான் செல்லும். நீதான மெம்பரு?"

"எனக்கு இன்னாத்த தெரியும்?"

"லினக்ஸு லினக்ஸுன்னு ஊரெல்லாம் பீத்திகினு திரிஞ்சியே?"

பீத்துனது நெசம்தான். கட்டிக்குடுத்த பொண்ணு அம்மு வுட்டுட்டுப் போன லேப்டாப்பு அது. அதுல ஓடற சிஸ்டம் பேருதான் லினக்ஸு; அதுல ஒரே ஒரு வித்தை கத்துகினேன். கருப்பு ஜன்னலைத் தொறந்து 'டச்'னு அடிச்சு, பக்கத்துல ஒரு பேரு அடிச்சா போதும். அந்தப் பேர்ல புது பைலு வந்துடும். உள்ள ஒரு எழுத்து இருக்காது, பேரு மட்டும் ஜம்முனு நிக்கும்.

அடிச்சேன். டச், கொட்டாய்மனு.

"நீலா! மனு ரெடி. பேரைப் பாத்துக்கோ."

"அதுக்குள்ளயா?"

"நான் யாரு!"

நேரா காரம் ஆடக் கெளம்பிட்டேன்.

மறுநாள் காலைல மடிச்ச பேப்பரோட வந்து நின்னா.

"ஜெனி ஜெராக்ஸ் கடைல பிரிண்டு எடுத்தாந்தேன். ஒருவாட்டி படிச்சுட்டு கையெழுத்து போடுய்யா."

எனக்கு சிரிப்பு தாங்கல. காலி பைலை பிரிண்டு எடுத்தா வெள்ளப் பேப்பர்தான வரும்? பாவம், தொறந்துகூடப் பாக்கல.

"நான் எழுதுனத நானே படிக்கணுமா? குடு இப்டி!"

மடிப்பைப் பிரிக்காமலே, வெளிய வெள்ளையா தெரிஞ்ச அடியில கெத்தா போட்டேன், ஜெகதீசன்னு.

சாயங்காலம் பக்தவச்சலம் கொட்டாய்க்கே வந்து சத்தமா படிச்சாரு.

"ஐயா, நானும் என் கூட்டாளிகளும் காலை முதல் மாலை வரை வெட்டியாகக் கொட்டாயை அடைத்துக்கொண்டு, பெண்களை வெயிலில் வாட்டுகிறோம். எங்களை உடனே துரத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, ஜெகதீசன்."

என் தோஸ்து மணி கைல இருந்த ஸ்ட்ரைக்கரைக் கீழ போட்டான். "மாமு... நீயா?"

வூட்டுக்கு ஓடுனேன்.

"இன்னாடி பண்ணி வச்ச?"

"பைலைத் தொறந்தேன், காலியா இருந்துச்சு. பேரு நீ வச்ச, மிச்சத்த நான் ரொப்பிட்டேன். படிச்சுப் பாருன்னு சொன்னேனா இல்லியா? வேணும்னா போய் சொல்லு. பொண்டாட்டிய ஏமாத்த காலி பைலு வச்சேன், படிக்காம கையெழுத்து போட்டேன்னு."

எந்த மூஞ்ச வச்சுகினு சார் சொல்றது? வயிறு எரியுது!

போர்டு இப்ப எங்க மொட்டைமாடில கீது. அது மேல நீலாவோட நெத்திலி காயுது. காக்கா ஓட்டறது நான்தான்.