யாருடைய காரிலோ சாய்ந்து அம்மாவை அழைத்த கதை

கனடாவுக்கு வந்த புதிதில் கார் இல்லாமல் இருந்த தமிழர்கள் ஏராளம். காரில் சாய்ந்து நின்று படம் எடுக்காத ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். குளிருக்குச் சப்பாத்து வாங்குகிறோமோ இல்லையோ, நல்ல நிறத்தில் ஒரு காரைத் தேடிப் பிடித்து, பொனற்றில் ஒரு கையை ஊன்றி, கறுப்புக் கண்ணாடி போட்டு ஊருக்கு ஒரு படம் அனுப்பிவிட வேண்டும். அது எழுதாத சட்டம். நான் சட்டத்தை மதிக்கிறவன். (கொஞ்சம் அளவுக்கு மிஞ்சியே மதித்துவிட்டேன்.)

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறொன்ரோவின் பார்க்டேலில் ஓர் அப்பார்ட்மென்ற்றில் இன்னும் சிலரோடு நெருக்கியடித்து இருந்தேன். கிழமை நாட்களில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவேன். சனி, ஞாயிறுகளில் என் அறைக்காரர் குணா அண்ணையோடு மார்க்கம் என்ற புறநகர்ப் பக்கம் போய் வீடு வீடாகப் பிளையர் என்கிற விளம்பரத் தாள் போடுவேன். குணா அண்ணையிடம் ஒரு கமராவும் ஒரு லெதர் ஜக்கற்றும் இருந்தன. எனக்கு யாழ்ப்பாணத்தில் அம்மா தனியே இருந்தார். பிள்ளை நல்லாயிருக்கிறான் என்று அவர் நம்ப வேண்டும்.

மார்க்கத்து வீடுகள் ஒவ்வொன்றும் எனக்குக் கலியாண மண்டபமாகத் தெரிந்தன. வீட்டில் ஆள் இல்லையென்று தெரிந்தால் போதும். தாள் பையை மரத்துக்குப் பின்னால் எறிந்துவிட்டு, ஜக்கற்றை மாட்டிக்கொண்டு, வாசலில் நிற்கும் காரில் சாய்ந்துவிடுவேன்.

"வீட்டுக்காரன் மாதிரிச் சிரியடா," என்று அதட்டுவார் குணா அண்ணை. "நீ பிளையர் போட வந்தவன் மாதிரிச் சிரிக்கிறாய்."

ஒரு வளவில் எங்கிருந்தோ ஒரு நாய் பாய்ந்து வந்து படத்துக்குள் விழுந்துவிட்டது. படத்தைப் பார்த்த அம்மா, 'நாயும் வளர்க்கிறாயோ தம்பி?' என்று கேட்டு எழுதினார். ஓம் என்று பதில் போட்டேன். (அது என்னைத் துரத்திய தூரத்தை எழுதவில்லை.)

காலம் போனது. தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, சின்னதாக ஒரு அப்பார்ட்மென்ற்றைத் தனியே எடுத்தேன், குடியுரிமை பெற்றுச் சிற்றிசனும் ஆனேன். ஆன கையோடு அம்மாவை ஸ்பொன்சர் செய்தேன். அதற்கு முன்னரே செய்திருக்கலாம். ஆனால் ஒரு சிற்றிசன் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள் என்று ஒரு மிதப்பு. விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடியே எழுதினேன். வாடகை வீடு, கார் இல்லை.

கனடாத் தூதரக நேர்முகத்துக்காக அம்மா கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் தங்கினார். அந்த நாட்களில் ஒரு யாழ்ப்பாணத்து மனுசி கொழும்பு லொட்ஜில் தனியே இருப்பதென்றால், சோதனைக்குப் பொலிஸ் கதவைத் தட்டும்போதெல்லாம் அடையாள அட்டையைக் கையில் எடுக்க வேண்டும். அம்மா வந்து சேரும்வரை எனக்குச் சோறு இறங்காது என்று தெரிந்தது. நேர்முகம் முடிந்ததும் ரெலிபோன் வந்தது.

"எப்பிடியம்மா போச்சுது?"

"நல்லாப் போச்சுது தம்பி. மகன்தான் எண்டதுக்கு என்ன சாட்சி எண்டு கேட்டவை. உன்ரை அல்பத்தைக் குடுத்திட்டன்."

"எந்த அல்பம்?"

"வீடு, கார் எல்லாம் கிடக்கிற அல்பம்தான். அந்த ஐயா ஆறுதலா இருந்து வடிவாப் பாத்தவர். மகனுக்கு எத்தினை வீடு எண்டு கேட்டவர். அதை மகனைத்தான் கேக்கோணும் எண்டு சொல்லிப்போட்டன்."

தூதரகத்தாரும் அம்மா சொன்னபடியே மகனைக் கேட்க முடிவு செய்து, ரொறொன்ரோ அலுவலகத்துக்கு என்னை வரச்சொன்னார்கள். அதுவரை அம்மாவின் அலுவல் நிறுத்திவைக்கப்பட்டது. அம்மாவும் லொட்ஜிலேயே இருந்தார்.

போகிற அன்று நல்ல பனி. "இதைப் போட்டுக்கொண்டு போ, ஒரு மதிப்பா இருக்கும்," என்று குணா அண்ணை தன் லெதர் ஜக்கற்றைக் கழற்றித் தந்துவிட்டு, துணைக்கு வந்து கீழே வெறும் சுவெற்றரோடு நின்றார்.

உள்ளே கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி கொழும்பிலிருந்து வந்த என் படங்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார். வாழ்க்கையில் அவ்வளவு சொத்தை ஒரே மேசையில் நான் பார்த்ததில்லை.

"இதில் உங்கள் வீடு எது?"

"ஒன்றுமில்லை."

"கார்?"

"அதுவும் இல்லை."

"இந்த நாய்?"

"அது என்னைக் கடிக்க வந்தது."

அவர் நிமிர்ந்து என் ஜக்கற்றைப் பார்த்தார். பிறகு படத்தில் உள்ள ஜக்கற்றைப் பார்த்தார். "இதாவது உங்களுடையதா?"

"நண்பருடையது. அவர் கீழே குளிரில் நிற்கிறார்."

அவர் பேனையால் ஒரு படத்தின் மூலையைத் தொட்டார். மரத்துக்குப் பின்னாலிருந்து தோடம்பழச் செம்மஞ்சள் நிறத்தில் என் தாள் பை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த படத்திலும் எட்டிப் பார்த்தது. எல்லாப் படத்திலும்தான். குணா அண்ணைக்குப் படமெடுக்கத் தெரியாது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

"இது?"

"அது கொம்பனியின் பை," என்றேன். அதற்குமேல் தாங்கவில்லை. கோப்பை கழுவியது, தாள் போட்டது எல்லாவற்றையும் கொட்டினேன். "அம்மா பொய் சொல்லவில்லை, பொய் முழுவதும் என்னுடையது. அதற்காக அவரை மறித்துவிடாதீர்கள்," என்று கெஞ்சினேன். வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது.

"அப்படியானால் இந்தப் படங்களில் உங்களுடையது என்னதான் இருக்கிறது?"

"முகம் மட்டும்."

அவர் அம்மாவின் படத்தை எடுத்து என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "எங்களுக்கும் அது மட்டும்தான் தேவை," என்று சொல்லிவிட்டு என் மாளிகைகளை அடுக்கிக் கடித உறைக்குள் போட்டார்.

கீழே குணா அண்ணை நீலம் பாரித்து நின்றார். "என்னடா சொன்னவை?"

"ஜக்கற் உங்கடை எண்டு சொல்லிப்போட்டன் அண்ணை."

"அதையேன்ரா சொன்னனீ?"

அம்மா இளவேனிலில் வந்து சேர்ந்தார். அப்பார்ட்மென்ற் கதவைத் திறந்துவிட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குசினியை எட்டிப் பார்த்து, "நல்ல வெளிச்சமாக் கிடக்கு," என்றார்.

"அம்மா, அந்த வீடுகள்..."

"தெரியும் தம்பி. ஒரு படத்திலை நிக்கிற வீட்டை அடுத்த படத்திலை காணேல்லை. அதுகூட விளங்காத மொக்கே நான்?"

"பின்னை ஏனம்மா அதைக் குடுத்தனீங்கள்?"

"நீ சிரிச்சுக்கொண்டு நிக்கிற படம் வேறை என்னட்டை இல்லையே."

நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை குணா அண்ணை தன்னுடைய பழைய காரில் எங்களை றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் கூட்டிப்போனார். திரும்பும் வழியில் ஒரு பெரிய வீட்டைக் கண்டதும் அம்மா குணா அண்ணையிடம், "தம்பி, கொஞ்சம் நிப்பாட்டு," என்றார். இறங்கினார். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு அந்த வீட்டு வாசலில் நிமிர்ந்து நின்றார்.

"கெதியாப் படம் எடு. இவன்ரை சின்னம்மாவுக்கு அனுப்போணும். இவன்ரை வீடு எண்டு ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன். இனி மாத்தேலாது."

குணா அண்ணை பழக்கதோசத்தில் வாயைத் திறந்தார். "அன்ரி, வீட்டுக்காரி மாதிரி..."

"நான் அப்பிடித்தான் நிக்கிறன். நீ ஒழுங்கா எடு."

சில வருடங்கள் கழித்து நாங்கள் உண்மையாகவே ஒரு வீடு வாங்கினோம். பக்கத்து வீட்டோடு ஒட்டிய சின்ன வீடு. சொந்த வாசலில் நின்று, சொந்தக் காரில் சாய்ந்து, அம்மாவும் நானும் எடுத்த முதலாவது உண்மைப் படத்தை ஊருக்கு அனுப்பினோம். படம் கிடைத்ததும் சின்னம்மா பதறிப்போய் ரெலிபோன் எடுத்தார்.

"என்னக்கா நடந்தது? பெடிக்கு வேலை போட்டுதோ? ஏன் அந்தப் பெரிய வீட்டை வித்தனீங்கள்?"

அம்மா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு, "அவ்வளவு அறையையும் கூட்டித் துடைச்சுக் கட்டுப்படியாகேல்லையடி," என்றார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் அறை போதாது, குளியலறை போதாது என்று சண்டை வந்தால், என் மகள் என்னிடம்தான் வந்து நிற்பாள். "அப்பா, ஏன் அந்தப் பெரிய வீட்டை வித்தனீங்கள்?"