நடுவுல வைம்மா

ஒன்றுமே தெரியாதவர்களால் ஊருக்குப் பெரிய கெடுதல் கிடையாது. ஒரே ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு எல்லாம் தெரியும் என்று திரிகிறவர்கள்தான் ஆபத்து. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில் அப்படித் திரிந்தவர்களின் சங்கத்துக்குத் தலைவி, செயலாளர், ஒரே உறுப்பினர் எல்லாம் நான்தான். வயது பத்தொன்பது.

புகைப்படம் எடுப்பது எப்படி என்று சொல்லும் புத்தகம் ஒன்று எங்கள் ஊர் நூலகத்தில் இருந்தது. அதை நான் எடுப்பதும் திருப்புவதும் மறுபடி எடுப்பதுமாக இருந்ததில் நூலகருக்கே அலுத்துப்போய், "இதை ஒன் பேருக்கே எழுதி வச்சிரட்டுமா?" என்று கேட்டுவிட்டார். அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், ஃபோகஸ் தூரம் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். கேமரா மட்டும் இல்லை. காலித் தீப்பெட்டியைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, நாக்கால் 'டிக்' என்று சத்தம் கொடுத்து எங்கள் தெருவையே எடுத்து முடித்திருந்தேன். (ஒரு படம்கூடச் சோடை போகவில்லை.)

பட்டாளத்தில் இருந்த என் தாய்மாமாவுக்கு நாலு பக்கத்துக்குக் கடிதம் போட்டேன். எந்த மாதிரிக் கேமரா வேண்டும், லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர், எதையெல்லாம் கடைக்காரர் தலையில் கட்டப் பார்ப்பார், மாமா எப்படி ஏமாறாமல் இருக்க வேண்டும் என்று படம் வரைந்து பாகம் குறித்து எழுதினேன். அடுத்த லீவில் வந்த மாமா, சோப்பு டப்பா அளவில் கறுப்பாக ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"இதுல திருக ஒண்ணுமே இல்லையே மாமா?"

"அதான் விசேசமே. மூடியைத் தள்ளுனா தொறக்கும், பட்டனை அமுக்குனா எடுக்கும். மத்ததை எல்லாம் அதுவே பாத்துக்கிடுமாம். ஓங் கடுதாசியைக் கடைக்காரர்ட்ட காட்டுனேன். முழுசாப் படிச்சிட்டு, இந்தப் பிள்ளைக்கு இது போதும்னுட்டாரு."

இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. (பொய். ஒரு வேளை.) மூன்றாவது நாள், எங்கள் தெருவிலேயே சொந்தமாகக் கேமரா வைத்திருக்கும் ஒரே ஆள் நான்தான் என்பது உறைத்தது. அதற்குப் பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. யாரையாவது நிற்க வைத்தால் முதலில் வானத்தைப் பார்ப்பேன், கண்ணைச் சுருக்குவேன், "வெளிச்சம் கூட. எஃப் பதினொண்ணு வைக்கணும்" என்று அறிவித்துவிட்டு, இல்லாத வளையத்தை விரலால் திருகுவேன். பட்டனை அமுக்குவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். கூடவே இலவசப் பாடமும் நடக்கும். "இந்தக் கேமராவுல நாம பாக்க ஜன்னல் வேற, படம் எடுக்க கண்ணு வேற. நமக்கு ஜன்னல்ல தெரியுறதெல்லாம் அதுக்கும் தெரியும்னு நெனச்சிரக் கூடாது." இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

என் அம்மா ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தாள். நூலைப் பெரிய கூம்புகளில் சுற்றும் பிரிவு. அந்த மில்லில் வருசா வருசம் ஆயுத பூஜை அன்றைக்கு ஒரு சிறந்த தொழிலாளியைத் தேர்ந்தெடுத்து, முதலாளி கையால் சால்வை போட்டு, ஒரு குத்துவிளக்கும் கொடுப்பார்கள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு, வருகைப் பதிவு போடுகிற டைம் ஆபீஸின் நடையில் வரிசையாக மாட்டுவார்கள். அதுவரைக்கும் அந்த வரிசையில் மீசை இல்லாத முகமே கிடையாது. அந்த வருசம் அம்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சேதி சொல்ல வந்த டைம் ஆபீஸ் அண்ணாச்சி, "வழக்கம்போல நம்ம ஊரு ஸ்டூடியோக்காரர் வந்து எடுத்துருவாரு. நல்ல சேலையாக் கட்டிட்டு வாங்க" என்றார்.

நான் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தேன். "அவரை வர வேண்டாம்னு சொல்லிருங்க அண்ணாச்சி. எங்கம்மாவை நான் எடுக்கேன்."

அண்ணாச்சி அம்மாவைப் பார்த்தார். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அவ எடுப்பா. புத்தகம் படிச்சிருக்கா."

பூஜையன்று காலையில் எங்கள் வீட்டில் அரிவாள்மணை, தையல் மிஷின், சைக்கிள், என் கல்லூரிப் புத்தகங்கள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அம்மா பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். கேமராவையும் கொண்டுவந்து வரிசையில் வைத்தேன். மூடியைத் திறந்தே வைத்தேன். (சாமி முன்னால் கண்ணை மூடிக்கொண்டா இருக்கும்?) வைத்துவிட்டு வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டு அக்காவுக்கு வெளிச்சத்தைப் பற்றிப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

"ஏட்டி, இதுக்கு எங்க வைக்க?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நடுவுல வைம்மா. எல்லாத்துக்கும் நடுவுலதான வைப்ப?"

பாடம் முடிந்து வந்து, மூடியைப் பார்க்காமலே தள்ளிச் சாத்தி, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மாவோடு மில்லுக்குக் கிளம்பினேன்.

அன்றைக்கு மில்லில் நான் போட்ட ஆட்டத்தை இன்றைக்கு வேறு யாராவது போட்டால் நானே எழுந்து போய் அடிப்பேன். வாழைமரம் கட்டிய மேடையின் கீழே குனிந்தேன், நிமிர்ந்தேன், ஒரு தடவை தரையில் படுத்தேன். முதலாளி சால்வையைப் போட்டு முடித்ததும், "சார், செத்த நேரம்! வெளிச்சம் மாறிட்டு. இன்னொரு தரம் போடுங்க" என்றேன். பாவம், கழற்றி மறுபடி போட்டார். மூன்றாவது தடவையும் போட வைத்தேன். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. எப்போதும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கும் அம்மாவும், விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அமுக்கினேன். அன்றைக்கு முப்பத்தாறு படமும் தீர்ந்தது.

கலர் ரோலை மதுரைக்கு அனுப்பித்தான் கழுவ வேண்டும். எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரரைத்தான் வராதே என்று சொல்லியாயிற்றே, அவர் முகத்தில் எப்படி முழிப்பது? ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிப்போய் அங்கே ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். அடுத்த வாரம் வாங்கப் போனபோது அம்மா, தன் பிரிவில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் கொடுக்கப் பால்கோவாவும் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். முதலில் பால்கோவா வாங்கினேன். பிறகு படத்தை வாங்கினேன்.

முப்பத்தாறிலும் மஞ்சள் மூட்டம். படத்தின் மேல் மஞ்சள் கரைத்த மோரை ஊற்றிய மாதிரி இருந்தது. முதலாளி எது, வாழைமரம் எது என்று தேட வேண்டியிருந்தது.

நான் விடுவேனா? "நீங்க அனுப்புன மதுரைக்காரங்க கெமிக்கல் பழசு. தண்ணியோட சூடு சரியில்ல. புத்தகத்துல தெளிவாப் போட்டிருக்கு" என்று கடை அதிரக் கத்தினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கேமராவைக் குடும்மா" என்றார். மூடியைத் தள்ளினார். பார்த்தார். அப்படியே என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பூஜைக்குப் பிறகு என் கேமராவின் முகத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. லென்ஸின் நட்டநடுவில் காய்ந்து வெடித்த சந்தனம். அதன்மேல் குங்குமம்.

"எத்தனையோ சாமிக்கு அலங்காரம் பண்ணிப் பாத்திருக்கேன். லென்ஸுக்கு இப்பதான் பாக்கேன்" என்றார் அவர்.

அவர் எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரரின் மச்சினர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? (புத்தகத்தில் இல்லை.) நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் போன் ராஜபாளையம் போய்ச் சேர்ந்துவிட்டது.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். அத்தனை பேர் அந்தக் கேமராவை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்தார்களே, ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே! யோசிக்க யோசிக்கத்தான் புரிந்தது. அன்றைக்கு அந்த மில்லில் மோட்டார், தராசு, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றிலும் பொட்டு இருந்தது. என் கேமராவில் இல்லாமல் இருந்திருந்தால்தான் யாராவது கேட்டிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து படங்களை அம்மா மடியில் போட்டுவிட்டு அழுதேன். அந்த வரிசையில் ஏற இருந்த முதல் பெண் முகம். அதையும் நான் கெடுத்துவிட்டேன். "லென்ஸுல வச்சிருக்கியேம்மா!"

"நீதானட்டி நடுவுல வைக்கச் சொன்ன? இதுக்கும் ஒரு காரணம் புத்தகத்துல இருக்கும்னு நெனச்சேன். மேடையில நின்னு பாத்தேனே, எம்புட்டு எடுப்பா இருந்துச்சு" என்றாள் அம்மா.

மறுநாள் எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரரே பெரிய மனசு பண்ணி, முக்காலி ஸ்டாண்டும் கேமராவுமாக, அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "அக்கா, சால்வையைப் போட்டுட்டு ரெண்டு நிமிசம் நில்லுங்க. எடுத்து மாட்டிரலாம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய்ச் சால்வையை எடுத்து வந்தேன். அம்மா அதை வாங்கி மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒன்றை மட்டும் உருவினாள். மூட்டத்துக்குள்ளே, விளக்கும் கையுமாக அவள் சிரித்துக்கொண்டிருந்த படம்.

"கோவிச்சுக்கிடாதீங்க தம்பி. அந்த வரிசையில இருக்கவிய எல்லாரும் ரேசன் கார்டுக்கு நிக்க மாதிரி நிக்காவ. நான் சிரிச்சு ஒரு போட்டோ இன்னைக்கு வரைக்கும் கெடையாது. எம் மக எடுத்ததையே மாட்டுங்க."

மாட்டினார்கள். அன்றைக்குத்தான் எனக்குப் பெருமை என்றால் என்னவென்று தெரிந்தது. அதுவரைக்கும் என்னிடம் இருந்தது வெறும் திமிர்.

டைம் ஆபீஸ் நடையில் பளிச்சென்ற மீசைகளுக்கு நடுவே, மஞ்சள் ஒளிக்குள் சிரிக்கிற ஒரு பெண் முகம். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் அம்மன் படம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்களாம். அம்மாவுக்கு 'டைம் ஆபீஸ் அம்மன்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அம்மா ஓய்வு பெற்றபோது அந்தப் படத்தையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். இப்போது அது எங்கள் கூடத்தில் தொங்குகிறது.

இன்றைக்கு என்னிடம் டிஜிட்டல் கேமரா இருக்கிறது. திருக நிஜமாகவே வளையங்கள் இருக்கின்றன. எடுத்த படத்தை அங்கேயே பார்க்கலாம். ஆனாலும் ஆயுத பூஜை வந்தால் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு அதன் முன்னால் நின்று, வேண்டுமென்றே குரலை உயர்த்தி, "ஏட்டி, இதுக்கு எங்க வைக்க?" என்று கேட்பாள். என் கணவர், மகள், தெரு முனை வரை உள்ள சொந்தபந்தம் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்துவார்கள்: "நடுவுல வைம்மா!"

போன பூஜையன்று கேபிள் சரிபார்க்க வந்தவர், கூடத்தில் அந்தப் படத்தைப் பார்த்ததும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"எந்த ஊரு அம்மன் ஆச்சி இது?"

"அம்மன் இல்ல தம்பி, நாந்தான்" என்றாள் அம்மா. "எம் மக எடுத்தது."