பகல் தூக்கம் ஆகாது

"பூஜா, தூங்கிராத. பகல்ல தூங்குனா கபம் ஏறிரும்."

சோபாவில் சாய்ந்திருந்த பூஜா கண்ணைத் திறந்து கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நன்றி என்று எடுத்துக்கொண்டான் மகேஷ்.

அவளுக்கு இது ஐந்தாம் மாதம். தி.நகர் ஜவுளிக்கடையை அண்ணன் தலையில் கட்டிவிட்டு, மேற்கு மாம்பலம் வீட்டிலேயே தங்கிவிட்டான். அண்ணனும் தடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு புடவையை ஒழுங்காக மடிக்க வராதவன், செல்போன் வீடியோக்களைப் பார்த்தே கர்ப்பகாலப் பத்தியத்தில் கரைகண்டிருந்தான். விடியுமுன் அவளை எழுப்பி நெய் விட்ட பால் கொடுப்பான். மனம் குளிர வீணை இசை போடுவான். அவள் கண் செருகினால் கைதட்டுவான்.

பால் குமட்டியது. சுக்கைத் தட்டிப் போட்டான், நெஞ்சு எரிந்தது. எரிச்சலுக்கு மாதுளைச் சாறு பிழிய மிக்ஸியை ஓட்டினான். அவள் திருட்டுத்தனமாகப் போட்ட குட்டித் தூக்கமும் கலைந்தது. கடைசியில் வீணைச் சத்தம் கேட்டாலே பூஜா அழ ஆரம்பித்தாள்.

மகேஷ் பயந்துபோய் அவளை மயிலாப்பூரில் ஆயுர்வேத டாக்டர் ஜோதிலட்சுமியிடம் அழைத்துப் போனான். அவர் பூஜாவிடம் தனியாகப் பேசிவிட்டு அவனை உள்ளே கூப்பிட்டார்.

"வீடியோ பார்க்கிறதை நிறுத்துங்க. அவங்களுக்குப் பிடிச்ச வீட்டுச் சாப்பாடு போதும். ஆனா, புள்ளத்தாச்சி ஆசைப்பட்டுக் கேட்டதைப் புருஷனே நேர்ல போய் வாங்கிட்டு வரணும். போன்ல ஆர்டர் போட்டா பலன் இல்ல."

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் பூஜாவுக்கு ஆசை வந்தது. கொட்டிவாக்கம் கடற்கரைச் சுண்டல். உச்சிவெயிலில் போய், சுண்டல்காரர் வரும்வரை மணலில் வெந்து, வாங்கி வந்தான். ஒரு வாய் தின்றுவிட்டு, ஆசை போய்விட்டது என்றாள். அடுத்து நுங்கு கேட்டாள், நுங்கே வராத காலத்தில். ஊரெல்லாம் அலைந்து வெறுங்கையோடு திரும்பினான். பெண்டாட்டியின் ஓர் ஆசையைக்கூட உருப்படியாக நிறைவேற்றத் துப்பில்லாதவன் அப்பனாகி என்ன கிழிக்கப்போகிறான் என்று தன்னையே திட்டிக்கொண்டான். முகம் கறுத்துவிட்டது, செருப்பும் தேய்ந்துவிட்டது.

ஆனால் பூஜா தெளிந்துவிட்டாள். அழுகை நின்றது, கன்னத்தில் சதை வைத்தது. ஆயுர்வேதம் என்றால் சும்மாவா என்று அண்ணனிடம் போனில் பெருமையடித்தான்.

அன்று கோடம்பாக்கத்தில் ஒரு குறிப்பிட்ட கடையின் பால்கோவா கேட்டிருந்தாள். கடை பூட்டிக் கிடந்தது. இன்றைக்கும் தோல்விதான் என்று நொந்தபடி சீக்கிரமே வீடு திரும்பினான்.

மாடிப்படியில் கால் வைத்தவனை, கீழ் வீட்டில் பிளவுஸ் தைக்கும் அஸ்மத்துன்னிசா வழிமறித்து, தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இப்படிக் குந்து தம்பி, மேல போவாத. பூஜா தூங்கிக்கினு கீது. மத்தியானத்துல நீ வூட்ல இல்லாம இருக்கறதுதானே அதுக்கு டாக்டரம்மா குடுத்த மருந்து?"