துணைவர் விசாவுக்கு நூற்றுப் பன்னிரண்டு வினா விடைகள்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு ரத்த அழுத்தத்தைத் தவிர மற்றெல்லாம் நலம். அங்கு தாங்களும் அக்காவும் தங்கள் இடது முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போகலாமே, எதற்கு நான்கு பக்கக் கடிதம் என்று கேட்பீர்கள். பேசினால் நடுவில் சிரித்துவிடுவீர்கள். இது கடைசிவரை சிரிக்காமல் கேட்க வேண்டிய விஷயம். சுருக்கமாகச் சொன்னால், எனக்கும் உங்கள் தங்கைக்கும் நடந்த கல்யாணம் உண்மையானதாகத் தெரியவில்லை என்று ஓர் அந்நிய அரசாங்கம் முத்திரை வைத்து எழுதியிருக்கிறது. முப்பத்தொரு வருஷம் கழித்து. அந்தக் கல்யாணத்தில் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றவர் நீங்கள் என்பதால், செய்தியை முதலில் உங்களுக்குத் தெரிவிப்பதுதான் முறை.

உங்கள் தங்கை வேலை பார்த்த மருத்துவமனையை மூடியதும், வெளிநாட்டு முதியோர் இல்லத்தில் தாதி வேலைக்கு அனுமதி வாங்கிப் போனதும் உங்களுக்குத் தெரியும். ஐம்பத்தைந்து வயதில் அவளை ஒரு நாடு வா என்று கூப்பிட்டது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. "நீ முன்னாடி போ, நான் பின்னாடியே வரேன்" என்றேன். அவளும் சரி என்றாள். போய்ப் பதினாறு மாதம் ஆகிறது. அங்கே அவள் பதினோரு கிழவர்களுக்கு மாத்திரை கொடுத்து, கைபிடித்து நடக்க வைத்து, மூக்குக்கண்ணாடி தேடிக் கொடுக்கிறாள். அவளுடைய சொந்தக் கிழவனான நான் இங்கே மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறேன். இதை அவளிடம் ஒரு தடவை சொன்னேன். "நீங்களும் ஏதாவது இல்லத்துல சேர்ந்துடுங்க, நல்லா பாத்துக்குவாங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பாள்.

சரி, போவதற்கு என்ன வழி என்று கேட்க, சந்தைத் தெருவில் செருப்புக்கடை மாடியில் இருக்கும் விசா ஆலோசகரிடம் போனேன். எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார், ஆகவே டைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். மேஜையில் ஒரு பொம்மை விமானம், அதற்கு ஒரு இறக்கை இல்லை. சகுனம் பார்க்கிறவன் நானல்ல, இருந்தாலும் பார்த்துவிட்டேன். அவர் ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டார். ஒன்று, சுற்றுலா விசா. இரண்டு, மாணவர் விசா. மூன்று, நானே ஒரு வேலை தேடிக்கொண்டு அனுமதி வாங்குவது. நான்கு, வேலை அனுமதி உள்ளவரின் துணைவர் என்ற முறையில் போவது. "நாலாவதுதான் சார் உங்களுக்கு. ஆனா அதுல கேள்வி ஜாஸ்தி" என்றார். கேள்விக்குப் பயந்தவனா நான்? ஆனால் எதையும் எளிதானதிலிருந்து தொடங்க வேண்டும் என்று முப்பத்து மூன்று வருஷம் வகுப்பில் சொன்ன நாக்கு சும்மா இருக்குமா, முதல் கட்டத்திலிருந்தே வருவோம் என்றேன்.

சுற்றுலா விசாவில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியமாம், திரும்பி வருவீர்களா? நான் உண்மையை எழுதினேன். "என் மனைவி அங்கே இருக்கும்போது நான் எதற்கு இங்கே திரும்பி வர வேண்டும்?" ஒன்பது நாளில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது, நான் மட்டும் போகவில்லை. அடுத்து மாணவர் விசா. அறுபத்திரண்டு வயதில் மழலையர் கல்விப் பட்டயம் படிக்கப் போகிறேன் என்று எழுதி, மொழித் தேர்வுக்கு உட்கார்ந்தேன். மச்சான், நீங்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர், உங்களுக்கு உதாரணம் சொன்னால் புரியும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகும்போது உங்கள் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதிக்கும் அல்லவா? அதேதான். தேர்வுக்கூடம் என்றால் எனக்கு நடந்துதான் பழக்கம். அரை மணியில் என்னை அறியாமல் எழுந்து வரிசைக்கு நடுவே ஒரு சுற்று போனேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். "கண்ணு உன் தாள்ல இருக்கட்டும்மா" என்றேன். கூடத்தில் யார் வெளியேற்றப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பெண் இந்நேரம் அங்கே போய்ச் சேர்ந்திருப்பாள். மூன்றாவது கட்டத்தை டைக்காரரே அடித்துவிட்டார். என் வயதைக் கணினியில் போட்டதும் அது காட்டிய ஒரே வேலைக்கு, ஏணியில் ஏறி ஜன்னல் துடைக்க வேண்டுமாம்.

ஆக, நாலாவது. விண்ணப்பம் நாற்பத்தாறு பக்கம். கல்யாணம் உண்மைதான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம் இருபது வேண்டுமாம். வீட்டைத் தலைகீழாக்கியதில் ஆறு கிடைத்தது, அதில் நான்கில் நடுவில் தலைமையாசிரியர் நிற்கிறார். ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் வேண்டுமாம். ஒரே வீட்டில் இருந்தவர்கள் எதற்கு எழுதிக்கொள்ள வேண்டும்? தேடியதில் அவள் கையெழுத்தில் ஒன்று அகப்பட்டது: "சாவி மீட்டர் பெட்டி மேல. சோறு மூடி இருக்கு." அதையும் பிரதி எடுத்து இணைத்தேன். பதினாலாம் கேள்வி, பிள்ளைகள் உண்டா? இல்லை என்றால் நேராகப் பத்தொன்பதாம் கேள்விக்குப் போகவும் என்று போட்டிருந்தது. நாங்களும் அப்படித்தானே மச்சான் போனோம், நேராகப் பத்தொன்பதுக்கு, நடுவில் ஒன்றும் பேசிக்கொள்ளாமல்.

பிறகு நேர்காணல். இரண்டு பேரையும் தனித்தனியாக, அவளை அங்கே, என்னை இங்கே, ஒரே நாளில் விசாரிப்பார்களாம். காலையில் யார் முதலில் எழுவது, கட்டிலில் யார் எந்தப் பக்கம் என்று எதையும் கேட்பார்களாம். தேர்வு என்று தெரிந்த பிறகு ஓர் ஆசிரியன் என்ன செய்வான்? கையேடு தயாரித்தேன். நூற்றுப் பன்னிரண்டு வினாக்கள். ஒரு மதிப்பெண் வினா தனி, ஐந்து மதிப்பெண் வினா தனி. அறுபத்துநாலு பக்க நோட்டு நிரம்பியது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். "சரி" என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, கேள்வி எழுதுவது சுலபமாக இருந்தது. விடையில்தான் அங்கங்கே முட்டியது. மனைவிக்குப் பிடித்த நிறம் எது? தெரியவில்லை. அவள் புடவைகளை அலமாரியில் எண்ணிப் பார்த்தால் எல்லா நிறமும் சமமாக இருந்தது. முக்கால்வாசி நான் வாங்கிக் கொடுத்தவை. "இளநீலம், தெளிந்த வானத்தைப் போல" என்று எழுதினேன். கடைசியாக எதற்குச் சண்டை போட்டீர்கள்? "எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, சண்டை கிடையாது." ஓய்வு நேரத்தில் மனைவி என்ன செய்வார்? "நான் செய்தித்தாள் வாசிக்க, அவர் கேட்டுக்கொண்டிருப்பார்." ஞாயிறுதோறும் தொலைபேசியில் மாதிரித் தேர்வு வைத்தேன். முதல் வாரம் நாற்பது சதவீதம்தான். "உனக்கு உன்னைப் பத்தியே தெரியலையே" என்று கடிந்துகொண்டேன். நாலாவது வாரம் தொண்ணூற்றெட்டு. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் புரிந்து படி, மனப்பாடம் செய்யாதே என்று சொன்னவன், கட்டிய மனைவியிடம் "ஒரு சொல் மாறக் கூடாது" என்று சொல்லியிருக்கிறேன் பாருங்கள்.

அவள் ஒரு சொல் மாற்றவில்லை. நானும் மாற்றவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மொழிபெயர்ப்பாளராம், ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை பெயர்த்ததில் அந்த மனிதருக்குப் பாதி வேலை மிச்சம். என்னைத் திரையில் விசாரித்தது ஓர் இளம் அதிகாரி. ஜலதோஷம் போலிருக்கிறது, மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். எல்லாம் நான் தயாரித்த கேள்விகள்தான், எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். கடைசியில் ஒன்று மட்டும் கையேட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. அங்கே போய்ப் பகல் முழுக்க என்ன செய்வீர்கள்? "மனைவிக்கு ஒத்தாசையாக இருப்பேன்" என்றேன். இங்கே இருந்தபோது என்ன ஒத்தாசை செய்தீர்கள், ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்றாள். மச்சான், உதாரணத்துக்குப் பெயர் போனவன் நான். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. திரையில் என் முகம் ஒரு மூலையில் சின்னதாகத் தெரிந்தது, கேள்வி கேட்டு எழுப்பி நிறுத்திய பையன்கள் மாதிரி. கடைசியில், மின்கட்டணம் நான்தான் கட்டுவேன் என்றேன்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. விடைகள் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்கின்றன, இருவரும் "தெளிந்த வானத்தைப் போல" என்கிறார்கள், முப்பத்தொரு ஆண்டில் சண்டையே இல்லை என்பது நம்பத்தக்கதாக இல்லை, ஆகவே இவ்வுறவு விசாவுக்காக ஒத்திகை பார்க்கப்பட்டது எனக் கருத வேண்டியிருக்கிறது. டைக்காரர் படித்துவிட்டு, "நாப்பது வருஷமா ஒண்ணா இருக்கறவங்க சார், ஒருத்தர் நீலம்பாங்க, இன்னொருத்தர் பச்சைம்பாங்க. அப்பதான் அவங்க நம்புவாங்க" என்றார். நான் வாங்கிக் கொடுத்த முழு மதிப்பெண்தான் எங்களைத் தோற்கடித்திருக்கிறது. அந்தக் கடிதத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் மனைவி விடை சொல்லாமல் அவகாசம் கேட்டாராம். எந்தக் கேள்வி என்று போடவில்லை. அவளிடம் கேட்டேன். "ஏதோ கேட்டாங்க, ஞாபகமில்லை" என்று சொல்லிவிட்டாள். வேலை அனுமதியின் பிரிவு எண் போல ஏதாவது கடினமானதாக இருந்திருக்கும். கையேட்டில் அதைச் சேர்க்காமல் விட்டது என் பிழைதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேல்முறையீட்டுக்கு இருபத்தெட்டு நாள் அவகாசம், இன்றைக்குப் பதினேழாம் நாள். எங்களைக் கல்யாணத்திலிருந்து அறிந்த நெருங்கிய உறவினர் ஒருவர், இந்தத் தாம்பத்தியம் உண்மையானது என்று கையொப்பமிட்டு எழுதித் தர வேண்டும். உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? மாதிரிக் கடிதம் ஒன்று எழுதி இணைத்திருக்கிறேன், அப்படியே பார்த்து எழுதினால் போதும். நீங்கள் விரும்பினால், நாங்கள் சண்டை போட்டதாக ஒன்றிரண்டு சம்பவம் சேர்க்கலாம். நினைவில் இல்லாவிட்டால் சொல்லுங்கள், நான் எழுதி அனுப்புகிறேன்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து வாருங்கள். அக்காவுக்கு என் அன்பு. வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரே கூரையின் கீழ் நீடூழி வாழ என் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் உண்மையான கணவன்

பின்குறிப்பு: எதை எழுதினாலும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துத்தான் அனுப்புவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று ஞாயிறு, அவள் அழைத்தாள். இந்தக் கடிதம் முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பத்தொன்பதாம் கேள்வி வந்த இடத்தில் மட்டும் மூக்கை உறிஞ்சினாள். முடித்ததும், "அண்ணனைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றாள். ஏன் என்றேன். "இங்க என்னை விசாரிச்ச அதிகாரி என்ன கேட்டாங்கன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க. உங்க வீட்டுக்காரர் இங்க வரணும்னு நீங்க ஆசைப்படறீங்களான்னு கேட்டாங்க. அது உங்க நோட்டுல இல்லை."

அது எப்படி நோட்டில் இருக்கும்? எனக்கு அது கேள்வி என்றே தோன்றவில்லையே.

"மத்ததெல்லாம் நீங்க எழுதிக் குடுத்ததை ஒரு வார்த்தை மாத்தாம சொன்னேன். மாத்தாம சொன்னா நம்ப மாட்டாங்கன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். முப்பத்தொரு வருஷமா அப்படித்தானே சொல்லிட்டிருக்கேன், நீங்க நம்பலையா?" கோபமே இல்லை மச்சான் அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், சண்டைக்கு ஓர் உதாரணமாவது கிடைத்திருக்கும். சரி, உனக்குப் பிடித்த நிறம்தான் என்ன என்று கேட்டேன். "தெரியலை. இப்பதான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது, கிழவர் ஒருவர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம். ஆனால் தப்பான விடையை அழிரப்பரால் அழிக்காதே, ஒரே கோடாக அடி, என்ன தப்பு செய்தாய் என்று பிறகு தெரிய வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னவன் நான். ஆகவே மேலே உள்ளதை எல்லாம் ஒரு கோடு போட்டு அடித்ததாக வைத்துக்கொண்டு படியுங்கள். சாட்சிக் கடிதம் வேண்டாம். சின்ன வயதில் அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தயவுசெய்து அதை எனக்குச் சொல்லிவிடாதீர்கள். நோட்டை எடுத்து அந்த விடையை அடித்துவிட்டு இடம் விட்டு வைத்திருக்கிறேன். இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.