ரோஹன் என்றொரு உருளைக்கிழங்கு

பொய் சொல்வதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும். எனக்கு அது வாய்க்கவில்லை. ஆனாலும் முயற்சியை விட்டதில்லை.

தொண்ணூற்றேழில், அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில் எங்கள் மகன் பிறந்தான். எங்கள் மேட்டுப்பாளையம் பக்கத்தில் தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர்தான். அப்பாவின் பெயர் நாச்சிமுத்து. என் மனைவி கலாவோ ரோஹன் என்பதில் ஒற்றைக்காலில் நின்றாள். டிஸ்சார்ஜ் பண்ணுவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் பெயரை எழுதித் தரச் சொன்னார்கள். ரோஹன் என்று எழுதினேன். அன்றே அப்பாவுக்கு போன் பண்ணி, “உங்க பேருதானுங்கப்பா” என்றேன். (இரண்டு பக்கமும் நல்ல பிள்ளை!)

மூன்றாம் மாதம் அப்பா வந்து இறங்கினார். அபார்ட்மெண்டிலேயே பெயர் சூட்டும் விழா. குழந்தையின் காதில் மூன்று முறை தன் பெயரைச் சொன்னார் அப்பா. அதோடு முடிந்திருந்தால் தப்பித்திருப்பேன். என்னோடு வேலை பார்த்த ஜெராரையும் கூப்பிட்டிருந்தேன். பிரெஞ்சுக்காரர். விஷயத்தைச் சொல்லி அவர் வாயைக் கட்டிவைக்க மறந்துவிட்டேன்.

சாப்பாட்டுக்கு முன் ஜெரார் எழுந்து ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். ரோஹன் என்பது அவர்கள் நாட்டில் பழைய பிரபுக் குடும்பத்தின் பெயராம். அந்தப் பெயரில் அரண்மனை உண்டு, ஒரு ரோஜா உண்டு, ஒரு மரம் உண்டு, அந்தக் காலத்தில் ஒரு உருளைக்கிழங்குகூட உண்டு என்று அடுக்கினார்.

“கொழந்தை நல்லா இருக்கோணும்னு வாழ்த்தறாருங்கப்பா” என்று மொழிபெயர்த்தேன்.

அப்பா முப்பது வருஷம் உருளைக்கிழங்கு மண்டி நடத்தியவர். “பொட்டேட்டோன்னாரேடா, அது என்ன வாழ்த்து? ஆமா, ரோஹன்ங்கறது யாரு?”

உளறிக்கொட்டி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அப்பா குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கலாதான் வாயைத் திறந்தாள். “தப்பு என்னோடதுங்க மாமா. உங்க பேர வெச்சா, நான் எப்படிங்க பையனத் திட்டறது?”

“தாராளமாத் திட்டு கண்ணு. எனக்கப்பறம் எம் பேரச் சொல்லித் திட்டறதுக்காச்சும் ஒரு ஆளு வேணுமில்ல?”

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தட்டு எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. மகன் சாதாரண நாட்களில் ரோஹன்தான். கோபம் வந்துவிட்டால் மட்டும் கலா, “டேய் நாச்சிமுத்து!” என்று போனிலேயே கத்துகிறாள். “அம்மா, வாட் டிட் ஐ டூ நவ்?” என்று அலறுவான் அவன். திட்டி முடித்துப் போனை வைத்ததும், மாமனார் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.