கருணையின் விட்டம்

கருணையை அளப்பதற்கு மனித இனம் எத்தனையோ கோல்களைச் செய்து பார்த்திருக்கிறது. சமயங்கள் முயன்று தோற்றன, சட்டங்களும் அப்படியே. கடைசியில் சரியான அளவுகோலைக் கண்டுபிடித்த பெருமை மொன்டானா மாநிலத்து டிரை ஃபோர்க் ஊரின் கைத்துப்பாக்கி வேட்டையர் கழகத்தையே சேரும். ரிவால்வர் குழலின் விட்டம் எவ்வளவோ, அதை ஏந்தியவரின் கருணையும் அவ்வளவு என்று அவர்கள் ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். பெரிய குண்டு பட்டால் மான் உடனே சாகும். உடனே செத்தால் வலி இல்லை. ஆகவே எவரிடம் பெரிய குண்டு இருக்கிறதோ அவரே பெரிய ஜீவகாருண்யர்.

அப்படியானால் ரைஃபிளை எடுத்துக்கொண்டு போனால் வேலை இன்னும் சுலபமாக முடியுமே என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், கழகத்தார் அவரை அனுதாபத்தோடு பார்ப்பார்கள். சுலபமாக முடிவதில் 'பண்பாடு' எங்கே இருக்கிறது?

இந்தக் கழகத்தில் வெண்டல் ஸ்ட்ராம்க்விஸ்ட் கடைசி வரிசை உறுப்பினர். ஆலங்கட்டி மழைக்குப் பயிர்க் காப்பீடு விற்பவர். அவரிடம் இருந்தது ஒரு நாற்பத்துநாலு மேக்னம் ரிவால்வர். மான் வேட்டைக்கு அது தாராளமாகப் போதும் என்று உலகம் சொல்லும். ஆனால் உலகம் கழக உறுப்பினர் அல்ல.

“அது துப்பாக்கி இல்லய்யா, பல்குத்தி,” என்றார் கழகத் தலைவர் ஓரின் ப்ரூட், நிறைந்த சபையில்.

சபை சிரித்தது. வெண்டலும் சிரித்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் காய்ந்த சோற்றுப்பருக்கை போல ஒட்டிக்கொண்டிருந்தது.

ஓரின் ப்ரூட் கழகத் தலைவர் மட்டும் அல்ல; ஊரின் ஒரே துப்பாக்கிக் கடைக்காரரும் அவரே. தலைவர் என்ற முறையில் அவர் குறையைச் சுட்டிக்காட்டுவார். கடைக்காரர் என்ற முறையில் அதை நிவர்த்தி செய்வார். மறுநாளே வெண்டல் நிவர்த்திக்குப் போய் நின்றார்.

ஓரின் ஒரு ரிவால்வரை வெல்வெட் துணியில் கிடத்தினார். பிறந்த குழந்தையின் எடை இருந்தது. குழலுக்குள் வெண்டலின் சுண்டுவிரல் போய் வந்தது.

“ஐந்நூறு மேக்னம்,” என்றார் ஓரின். “குழல் விட்டம் முழுசா அரை அங்குலம். இதுக்கு மேல போகணும்னா பீரங்கிதான்.”

“மானுக்கு இவ்வளவு வேணுமா?”

“நீ மானுக்கா வாங்குறே? மனசாட்சிக்கு வாங்குறே. பல்குத்தியால குத்துப்பட்டு அது மலை மலையா நொண்டிக்கிட்டுப் போனா உனக்குத் தூக்கம் வருமா?”

“வராதுதான்.”

“அப்புறம் என்ன?”

“ரொம்ப உதைக்குமோ?”

“கருணைன்னா கொஞ்சம் உதைக்கத்தான் செய்யும் வெண்டல்.”

அதற்குமேல் கேட்க மனிதனுக்கு என்ன இருக்கிறது? இடுப்பு வாரில் தொங்கவிட்டால் கால்சட்டை முழங்காலுக்கு இறங்கியதால், மார்போடு சேர்த்துக் கட்டும் உறை ஒன்றையும், துப்பாக்கியின் உச்சியில் பொருத்தும் தொலைநோக்கி ஒன்றையும் சேர்த்து வாங்கினார்.

வெண்டலின் மனைவி மார்வா மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவள். ஆண்டுதோறும் ஒரு ரைஃபிளை எடுத்துக்கொண்டு போய், ஒரு மானைச் சுட்டு வந்து, குளிர்பெட்டியை நிரப்பிவிட்டு அதைப் பற்றி யாரிடமும் பேசாமல் இருப்பாள். இத்தகைய பொறுப்பற்ற வேட்டைக்காரிக்குக் கழகத்தில் இடம் இல்லை.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட சரளைக் குழியில் பயிற்சி நடந்தது. முதல் குண்டு எங்கே போனது என்பது இன்றுவரை தெரியாது. ரிவால்வர் எங்கே போனது என்பது தெரியும். அது மேலே எகிறி, தொலைநோக்கியின் விளிம்பால் வெண்டலின் நெற்றியில் ஒரு பிறை வரைந்தது. அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் வரிசையில் வந்து அந்தக் காயத்துத் தையலைப் பார்வையிட்டார்கள். வெண்டல் முன்வரிசைக்கு உயர்த்தப்பட்டார்.

ஆனால் நெற்றிக்குத் தீர்மானங்கள் புரிவதில்லை. அடுத்த முறை விசையில் விரல் பட்டதுமே அவருடைய இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொண்டன.

“நீ கண்ணை மூடிட்டு சுடுறே,” என்றாள் கூட வந்திருந்த மார்வா.

“அது மன ஒருமைப்பாடு.”

மார்வா ரிவால்வரை வாங்கி, தான் நிரப்பித் தருவதாகச் சொல்லி, திருப்பிக் கொடுத்தாள். வெண்டல் குறிபார்த்தார். கண் மூடியது, தோள் குலுங்கியது, துப்பாக்கி மூக்குக் குப்புறத் தரையைக் காட்டியது. வெடிச் சத்தம் மட்டும் வரவில்லை. துப்பாக்கிக்குள் அவள் குண்டே போட்டிருக்கவில்லை.

“பார்த்தியா? துப்பாக்கி உதைக்கல. நீதான் பயப்படுறே. தப்பில்ல, இதைப் பிடிச்சா யாரா இருந்தாலும் பயப்படுவான். பழசையே எடு. கிட்டப் போய் சுடு. அதுல நீ நல்லாத்தான் சுடுவே.”

“பழசை எடுத்துக்கிட்டுப் போனா ஓரின் என்ன சொல்வான்?”

“மான்கிட்ட கேட்டியா, அது என்ன சொல்லுதுன்னு?”

மான் கழகத்தில் உறுப்பினர் அல்லாததால் அதன் கருத்து கோரப்படவில்லை.

நவம்பர் மாதம், பனி மெல்லிசாக விழுந்த காலையில் இருவரும் புறப்பட்டார்கள். ஓடைச் சரிவில் சேஜ் புதர்களுக்கு நடுவே ஒரு கிடாமான் பக்கவாட்டில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. காற்று அவர்கள் பக்கம் வீசியது. அதைவிட நல்ல வாய்ப்பை எந்த மானும் தர முடியாது. வெண்டல் பாறைமேல் கையை ஊன்றினார். வெடித்தது. பள்ளத்தாக்கு முழுவதும் அதிர்ந்தது. அவர் கண்ணைத் திறந்தபோது மான் இல்லை.

“தப்பிடுச்சு,” என்றார், காது அடைத்திருந்ததால் உரக்க.

மார்வா போய்ப் பார்த்தாள். பனியில் ரத்தம் இருந்தது. அதோடு, மேய்ந்த புல்லும் கலந்திருந்தது.

“வயித்துல பட்டிருக்கு,” என்றாள். “வா.”

மான் நாள் முழுக்க நடந்தது. படுத்த இடங்களில் பனி உருகிச் சிவந்திருந்தது. இவர்கள் வரும் சத்தம் கேட்டு எழுந்து மறுபடி போயிருந்தது. ஐந்நூறு பட்டால் நின்ற இடத்தில் விழும் என்று வெண்டல் இரண்டு முறை சொன்னார். மார்வா தடத்தைப் பார்த்தபடி முன்னால் நடந்தாள். மூன்றாவது முறை அவரே சொல்லவில்லை.

வெயில் சாயும் நேரம் ஓடைக்கரை வில்லோ மரங்களுக்கு அடியில் அதைக் கண்டார்கள். எழுந்திருக்கப் பார்த்தது, முன்னங்கால்கள் மட்டும் எழுந்தன. பின்பகுதி வரவில்லை. மறுபடி உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அவர்களைப் பார்த்தது.

“முடி,” என்றாள் மார்வா. “உன் மான்.”

ஒரு சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தால் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம். வெண்டல் ரிவால்வரை நீட்டினார். நெற்றித் தழும்பு துடித்தது. வெடித்தது. மானின் தலைக்கு அப்பால் ஒரு கல் சிதறியது. மான் நடுங்கியது, ஆனால் பார்வையை எடுக்கவில்லை. அதன் கண் ஈரமாக, அகலமாக, அவர் மேலேயே இருந்தது. அவர் மறுபடி உயர்த்தினார். என்ன செய்தும் இமைகள் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

“தள்ளு,” என்றாள் மார்வா. தோளிலிருந்து ரைஃபிளை இறக்கி ஒரே குண்டில் முடித்தாள். சத்தம் கூடப் பெரிதாக இல்லை.

மானைப் பிக்கப் வண்டிவரை இழுத்து வந்து ஏற்றினார்கள். வண்டி கிளம்பியதும் வெண்டல், “கழகத்துல...” என்று தொடங்கினார்.

“நீ என்ன சொல்லணுமோ அதைச் சொல்லு,” என்றாள் அவள். “நான் பொய் சொல்ல மாட்டேன்.”

சனிக்கிழமை தீயணைப்பு நிலையக் கூடத்தில் கழக ஆண்டு விருந்து. மான்கறிக் குழம்பும் ஹக்கிள்பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட இனிப்பும் பரிமாறப்பட்டன. ஓரின் ப்ரூட் எழுந்து, மிகப் பெரிய குண்டோடு போய் மானோடு வந்தவர் என்ற முறையில், 'ஆண்டின் மிகக் கருணையான வேட்டை' என்று பொறித்த மரப்பலகையை வெண்டலின் கையில் கொடுத்து, பேசச் சொன்னார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வெண்டல் எழுந்தார். எழுந்தபோது கூடத்திலிருந்த அத்தனை முகங்களும் அவரை அண்ணாந்து பார்த்தன. அவரை யாரும் அதற்கு முன் அண்ணாந்து பார்த்ததில்லை.

“ஐந்நூறு,” என்றார். “நின்ன இடத்துலயே விழுந்துச்சு. வலியே தெரியல.”

கூடம் கைதட்டியது. ஓரினுக்குக் கண் கலங்கியது; அன்று இரவே மூன்று பேர் அதே ரிவால்வரைக் கேட்டிருந்தார்கள்.

“கூடவே இருந்த சாட்சி நம்ம மார்வா,” என்றார் ஓரின். “நீயே சொல்லும்மா. வெண்டல் சொன்னது நிஜம்தானே?”

மார்வா முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

“நிஜம்தான்,” என்றாள். “வலியே தெரியல.”

மறுபடி கைதட்டல், முன்னதைவிடப் பலமாக. அது முழுதாக ஓயும்வரை அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு வாக்கியத்தை முடித்தாள்.

“இவருக்கு.”