டுர்ரண்ணனும் மூச்சு முட்டிய எஞ்சினும்

கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே எஞ்சினின் நோயை வாயால் பேசிக் காட்டக்கூடிய ஒரே மனிதர் டுர்ரண்ணன்தான். நான் நிர்வாக அலுவலராக இருந்த கல்லூரியில் புல் வெட்டும் மெசினை ஓட்டியவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

மெசினுக்கு வயது பதினாறு. காலையில் கயிற்றை இழுப்பதற்கு முன் அதற்கு வணக்கம் சொல்வார். பழுது என்றால் என் மேசை முன் நின்று நடித்துக் காட்டுவார். “நல்லா இருந்தா டுர்ர்ர்ங்குமுங்க சார். இன்னிக்கு டுர்-க்-டுர்ங்குது. பிளக்குங்க.” பிளக்கை மாற்றினால் சரியாகிவிடும். ஒருமுறை முதல்வர் இருமிக்கொண்டே உள்ளே வந்தார். டுர்ரண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “ஐயாவுக்கு ஏர் ஃபில்டருங்க” என்றார்.

ஓர் ஆயுத பூஜைக்கு மெசினுக்கு நானே சந்தனம் வைத்தேன். எதையும் தாராளமாகச் செய்துதான் எனக்குப் பழக்கம். எஞ்சின் தலையில் காற்றை உள்ளிழுக்கும் வட்ட வலை ஒன்று உண்டு. பொட்டு வைப்பதற்கென்றே அளவெடுத்துச் செய்தது போலிருந்தது. வலை முழுக்க அப்பினேன். கிறிஸ்தவரான டுர்ரண்ணன் கைகட்டி நின்று, பொரிகடலை வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரமே மெசின் பத்து நிமிடம் ஓடுவதும் கொதித்து நிற்பதுமாக இருந்தது.

“அதுக்கு மூச்சு முட்டுதுங்க சார். நீங்களே வந்து தலையக் கொஞ்சம் தொடைச்சு உட்டீங்கன்னா...”

“தைலமும் தடவட்டுமா?” என்றேன். அலுவலகமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

எஞ்சின் தேய்ந்துவிட்டது, மெசினையே மாற்றலாம் என்று கோப்பில் எழுதினேன். அவர் மறுபடி வந்தார். “பாடி கெட்டி இரும்புங்க. எஞ்சின் மட்டும் மாத்துங்க சார். காந்திபுரத்துல இதே தண்டு அளவுல கெடைக்குது, அதே ஓட்டையில உக்காந்துக்கும். புதுசுக்குப் பொட்டு மட்டும் சின்னதா வெச்சாப் போதுமுங்க.”

அதையும் வேடிக்கைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன்.

புது மெசின் குத்தகைக் கம்பெனியின் டிரைவரோடு வந்தது. டுர்ரண்ணனைக் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தேன். ஒரு மாதம், போகிற வருகிற வண்டிகளுக்கெல்லாம் நோய் சொன்னார். பிறகு, “வாரேனுங்க சார்” என்று வேலையை விட்டு அவிநாசிக்குப் போய்விட்டார்.

பழையதை எடுக்கப் பெருந்துறையிலிருந்து இரும்புக்கடைக்காரர் வந்தார். புல்தூளோடு காய்ந்து ஓடாகியிருந்த சந்தனத்தைத் திருப்புளியால் பெயர்த்தார். கயிற்றை இழுத்தார். டுர்ர்ர் என்றது. “ஏனுங்க, நல்லா ஓடுதே, இதையா போடறீங்க?”

நான் வைத்ததை டுர்ரண்ணன் துடைத்தால் எனக்குச் சங்கடம் என்றுதான் என்னையே துடைக்கச் சொல்லியிருக்கிறார். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றே அவிநாசிக்கு பஸ் ஏறியிருக்கலாம். கோப்பில் எழுதியது பொய்யாகிவிடுமே என்று, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அணைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

மனைவி போய், மகன் வெளிநாடு போய், இப்போது வீட்டில் நான் மட்டும். ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று டுர்ரண்ணன் தவறாமல் போன் செய்கிறார். வேறு யாரும் செய்வதில்லை. இந்த முறை நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், “குரல் ஒரு மாதிரி இருக்குதுங்களே சார். மூச்சு முட்டுதுங்களா?” என்றார்.

“கொஞ்சம்” என்றேன்.

“ஞாயித்துக்கெழம சர்ச் முடிச்சுப்போட்டு வாரேனுங்க.”

அவரிடம் சொல்ல வேண்டியதை முதலில் இங்கே எழுதிப் பார்த்துவிட்டேன். இன்று வியாழன்தான். இரண்டாவது நாற்காலியை இரண்டு முறை துடைத்தாகிவிட்டது.